பின்னால் வரும் சொல்

உயர்தர வகுப்பில் பொது ஆங்கிலம் படிக்கும் எங்களில் பலருக்கு நீளமான சொற்களைக் கண்டு பயமில்லை. அகராதியைப் புரட்டினால் அவற்றின் பொருள் கிடைத்துவிடும். எங்களைத் தடுமாற வைப்பவை 'அப்', 'அவுட்', 'இன்டு', 'ஆஃப்டர்' போன்ற சின்னஞ்சிறு சொற்கள்தான். 'லுக்' என்றால் பார்த்தல் என்று ஆரம்ப வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் 'லுக் ஃபோர்' என்றால் தேடுதல். 'லுக் இன்டு' என்றால் ஆராய்தல். 'லுக் அப்' என்றால் அகராதி போன்றவற்றில் தேடிப் பார்த்தல். அதனோடு ஒரு 'டு' சேர்ந்துவிட்டால் ஒருவரை உயர்வாக மதித்தல். 'லுக் டவுன் ஒன்' என்றால் இழிவாகக் கருதுதல். 'லுக் அவுட்' என்றால் கவனம் என்ற எச்சரிக்கை. 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரித்தல். பார்வை ஒன்றுதான்; பின்னால் வரும் சொல் மாறும்போது பார்ப்பவரின் மனமே மாறிவிடுகிறது.

இப்படிப்பட்ட வினைகளை 'பிரேசல் வேர்ப்' என்கிறோம். இந்தப் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925 இல் வெளியிட்ட தமது நூலில் பயன்படுத்தினார். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் அது என்றும் குறிப்பிட்டார். பெயர் புதியது என்றாலும் தொல்லை பழையது. 1755 இல் தமது ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையின் பின்னால் ஒரு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்கமே பிறமொழியாளருக்கு மிகப் பெரிய கஷ்டமாக இருக்கக்கூடும் என்று அதன் முன்னுரையில் எழுதினார். ஆகவே, தோழிகளே, எங்கள் பயத்துக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. வெட்கப்படத் தேவையில்லை.

எங்கள் நாட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு பெயர் கூட உண்டு. சிங்களப் பேச்சு வழக்கில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்பது அதன் பொருள். பல்கலைக்கழக மாணவர்களிடையே வழங்கிய அந்தப் பட்டப்பெயர் இன்று பஸ்ஸில் வரும் பாடசாலைப் பிள்ளைகளின் வாயிலும் இருக்கிறது. பொது ஆங்கிலத்தின் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆனாலும் நேர்முகப் பரீட்சைக்குப் போய் அமரும்போது அந்த வாள் மேசையில் கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் இந்த வினைகளை மனனம் செய்ய முடியாமல் வேறொரு வழியைப் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழை எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் தமிழும் இதே வேலையைத்தான் செய்கிறது. இலக்கணப் பாடத்தில் முதல்வினை, துணைவினை என்று படித்திருக்கிறோமே, அதுதான். 'எழுது' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிவிட்டாள் என்றால் வேலை முடிந்தது. எழுதிக்கொண்டாள் என்றால் தனக்காக எழுதினாள். எழுதிக்கொடுத்தாள் என்றால் பிறருக்காக. எழுதிப்பார்த்தாள் என்றால் சரிவருமா என்று முயன்றாள். எழுதித்தள்ளினாள் என்றால் பக்கம் பக்கமாக எழுதினாள். தமிழைப் புதிதாகப் படிக்கும் ஒருவருக்கு இந்த 'விடு', 'கொள்', 'தள்ளு' எல்லாம் எப்படி இருக்கும்? ஒரு நூலைத் 'தள்ளி' எழுதுவது எப்படி என்று அவர் தலையில் கைவைத்துக் கொள்ள மாட்டாரா?

'பார்' என்ற வினையும் 'லுக்' போலவே பெரிய குடும்பக்காரி. சரிபார், வேலை பார், எட்டிப் பார், திரும்பிப் பார் என்று வரிசையாகப் பிள்ளைகள். சில இடங்களில் இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடக்கின்றன. 'லுக் ஃபோவர்ட் டு' என்பதில் ஆங்கிலம் முன்னோக்கிப் பார்க்கிறது. 'எதிர்பார்' என்பதில் தமிழ் எதிரே பார்க்கிறது. 'லுக் டவுன்' என்று ஆங்கிலேயர் சொல்வதை நாங்கள் தாழ்வாகப் பார்த்தல் என்கிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மனிதரின் கண் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது போலும்.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்தி வைத்தது 'லுக் ஆஃப்டர்'. அதற்குப் பக்கத்தில் 'பார்த்துக்கொள்' என்று எழுதினேன். இரண்டிலும் முதலில் பார்வை இருக்கிறது. ஆனால் பார்த்தல் மட்டும் பராமரிப்பு ஆகிவிடாது என்பது இரண்டு மொழிகளுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் இரண்டும் ஒரு சொல்லைப் பின்னால் சேர்த்தன. ஆங்கிலம் சேர்த்தது 'ஆஃப்டர்'. பின்னால், தொடர்ந்து என்பது அதன் பொருள். பார்வை ஒருவரின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. தமிழ் சேர்த்தது 'கொள்'. பார்த்ததைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வது அது. எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா கடைக்குப் போகும்போது மகனை எங்களிடம் விட்டு 'பலாகன்ன' என்பார். 'பலா' என்றால் பார்த்து. 'கன்ன' என்றால் எடுத்துக்கொள்ள. தமிழில் இருக்கும் அதே இரண்டு சொற்கள், அதே வரிசையில். மாத்தளையில் ஒரே மதிலின் இரு பக்கமும் இரண்டு மொழிகள் பேசுகிறோம். பிள்ளையை ஒப்படைக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

'லுக் ஆஃப்டர்' என்பதற்குப் பயன்பாடுகள் பல. நோயாளியை, குழந்தையை, வயோதிபரைப் பராமரிப்பது முதலாவது. கடையை, வீட்டை, பணத்தைப் பொறுப்பாக வைத்திருப்பது இரண்டாவது. எங்கள் ஊர்ப்பக்கம் மிளகும் கராம்பும் பறிக்கும் காலத்தில் முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போடுவார்கள். "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உம்மும்மா உள்ளே தொழப் போனால், கோழியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழைத்துளி ஒன்று விழுந்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். ஓடத் தயாராக இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மிளகு காயாது. மூன்றாவது, 'லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்' என்று விடைபெறும்போது சொல்வது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று நாங்கள் சொல்வதும் அதேதான். சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் எதிர்பார்த்திருத்தல் என்ற பொருளும் இந்தத் தொடருக்கு இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லுக்குச் சொல்லான ஒரு பொருள் இன்னும் இருக்கிறது. ஒருவர் விலகிப் போகும்போது, அவர் மறையும் வரை அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நிற்பது.

பராமரிப்பதும், போகிறவரைப் பார்த்து நிற்பதும் ஒரே தொடர். பயிற்சிப் புத்தகத்தில் இதைப் பார்த்தபோது எனக்கு அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒரே இரவில் நடந்தன. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது உம்மா சவூதிக்கு வேலைக்குப் போனார். இரவு பத்து மணிக்குப் பிறகு கட்டுநாயக்காவுக்கு வேன் வந்தது. உக்குவளைப் பக்கமாக வளையும் பாதையில் வேனின் சிவப்பு வெளிச்சம் மறையும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை உம்மும்மா பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் ஆங்கிலத்தில் 'லுக் ஆஃப்டர்' என்றே எழுதலாம். முன்னது சில நிமிடங்களில் முடிந்தது. பின்னது ஐந்து வருடங்கள் நீடித்தது.

உம்மாவைப் போலப் போன தாய்மார் எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைகளை ஒழுங்குபடுத்துவதற்கென்று 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு தொடக்கம், வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல விரும்புகிறவர்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்று கேட்கப்பட்டது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. அதைவிட வயது கூடிய பிள்ளைகள் இருந்தால், தாய் இல்லாத காலத்தில் அவர்களை யார் பார்த்துக்கொள்வார் என்று காட்ட வேண்டும். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது அந்த 5 வயது 2 வயதாகக் குறைக்கப்பட்டது.

கேள்வி நல்ல கேள்விதான். ஒரு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று அரசாங்கம் கேட்பது பிள்ளைக்காகத்தான். ஆனால் அதே காலத்தில் கட்டாருக்கும் துபாய்க்கும் போன தந்தையரிடம் அந்த அறிக்கை கேட்கப்படவில்லை. தந்தை போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தாய் போனால் அந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுத வேண்டும். எங்கள் வீட்டில் எழுதப்பட்டது உம்மும்மாவின் பெயர். வாப்பா அப்போது வீட்டில்தான் இருந்தார். கண்டியில் கடையொன்றில் வேலை செய்துவிட்டு ஒவ்வொரு இரவும் வீட்டுக்கு வந்தார்.

சவூதியில் உம்மாவுக்குக் கிடைத்த வேலை என்ன? அந்த வீட்டின் நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது. உம்மா ஒரு பிள்ளையை உம்மும்மாவிடம் விட்டுப் போய் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி வரும். அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை 'தண்ணி' என்று தமிழில் கேட்கப் பழகிவிட்டது என்று ஒருநாள் உம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார். உம்மும்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உம்மா அனுப்பிய காசில் எங்கள் வீட்டுக்குக் கூரை மாறியது. நானாவும் நானும் மேலதிக வகுப்புக்குப் போனோம். இன்று நான் உயர்தரம் படிப்பது அந்தப் பார்த்துக்கொள்ளலின் சம்பளத்தில்தான். உம்மும்மாவின் பார்த்துக்கொள்ளலுக்கு எந்த மாதமும் சம்பளம் வரவில்லை. அது இல்லாவிட்டால் மற்றையது நடந்திருக்கவும் முடியாது.

பார்வைக்கு வேறொரு வேலையும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. எங்கள் மாவட்டத்துத் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த 'கங்காணி' என்ற சொல் 'கண்காணி' என்பதிலிருந்து வந்தது. கண்ணால் காணுகிறவர் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கங்காணிகள் அவர்களைக் கூட்டங்களாக அழைத்து வந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் அந்தப் பாதையில் பலரைக் கொன்றன. வழியில் விழுந்தவர்கள் பலர். அவர்களைக் கண்காணிக்க ஆள் இருந்தது. பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கவில்லை.

ஆங்கிலத்தில் கங்காணிக்கு நெருங்கிய சொல் 'ஓவர்சியர்'. 'ஓவர்' என்றால் மேலே. மேலிருந்து பார்ப்பவர். தமிழிலும் மேற்பார்வை என்றுதான் சொல்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஓவர்லுக்' என்ற இன்னொரு சொல்லுக்கு மேலிருந்து பார்த்தல் என்பதோடு, கவனிக்காமல் தவறவிடுதல் என்றும் பொருள் இருக்கிறது. மேலே நின்று பார்க்கிறவரின் கண்ணுக்குக் கீழே உள்ளது தப்பிப் போகும் என்று அந்த மொழியே ஒப்புக்கொள்கிறது. பின்னால் வருகிறவருக்கு அப்படித் தப்பிப் போவது குறைவு. முன்னால் போகும் பிள்ளை எங்கே கால் தடுக்கி விழுகிறது என்று அவருக்குத்தானே முதலில் தெரியும். திருக்குறளின் 58ஆவது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இந்தக் காலத்தில் கண்ணோட்டம் என்றால் ஒருவரின் கருத்து நிலை என்று எழுதுகிறோம். வள்ளுவர் காலத்தில் அது இரக்கம். கண் ஒருவர்மேல் ஓடுவது. ஓடுகிற கண், நின்று கண்காணிக்கிற கண் அல்ல.

மார்க்க வகுப்பில் நாங்கள் படித்த ஒரு விடயமும் இங்கே நினைவுக்கு வருகிறது. அறபு மொழியில் பராமரிப்புக்கு 'ரிஆயா' என்று ஒரு சொல் உண்டு. ஆடு மாடு மேய்த்தல் என்ற வேரிலிருந்து வந்தது அது. அந்த வேரில் பிறந்த 'ராஇனா' என்ற சொல்லை, எங்களைக் கவனியுங்கள் என்ற பொருளில் நபியவர்களிடம் (ஸல்) தோழர்கள் சொல்லி வந்தார்கள். சிலர் அதையே கேலியாகத் திரித்துச் சொன்னார்கள். ஆகவே அதற்குப் பதிலாக 'உன்ளுர்னா' என்று சொல்லும்படி சூரா அல்பகராவின் 104ஆவது வசனம் கட்டளையிட்டது. 'உன்ளுர்னா' என்பதன் வேர் பார்த்தல். எங்களைப் பாருங்கள் என்பதே அதன் நேர்ப்பொருள். கவனிப்பைக் கேட்பதற்கு அங்கேயும் பார்வையின் சொல்தான் வந்தது. ஒரு சொல்லை விட்டு இன்னொரு சொல்லை எடுப்பது சின்ன விடயமில்லை என்பதை அந்த வசனத்திலிருந்து நான் விளங்கிக்கொண்டேன்.

அதே மேய்ப்பர் வேரில் இன்னொரு போதனையும் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர், தத்தம் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. ஆட்சியாளர், ஆண், பெண், பணியாளர் என்று நால்வரையும் அது பெயர் சொல்லி அழைக்கிறது. குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆணை முதலிலும் பெண்ணை அடுத்ததாகவும் குறிப்பிடுகிறது. பார்த்துக்கொள்வது பெண்ணின் வேலை என்று நாங்கள் பேசுவது மார்க்கத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. வசதியிலிருந்து வந்திருக்கலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் உம்மும்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் வேலை செய்யவில்லை. இப்போது அவரைப் பார்த்துக்கொள்வது எங்கள் முறை. காலையில் சுபஹ் தொழுகைக்கு வுழூச் செய்ய உதவுவது, சீனி வருத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, கிளினிக் நாளில் கூட்டிப் போவது. உம்மா பகலில் தையல் வேலை செய்வதால் பாடசாலை விட்டு வந்ததிலிருந்து இரவு வரை பெரும்பாலும் நான். இதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. உம்மும்மாவின் தலையை வாரும்போது, ஐந்து வருடங்கள் என் தலையை வாரிய கை எது என்று எனக்கு மறக்காது.

ஆனால் பெருநாளுக்கு வந்த உறவினர்கள் பேசியது ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. அடுத்த வருடம் எனக்குப் பரீட்சை. அல்லாஹ் நாடினால் பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். "இவள் போனா இந்தக் கெழவியை யாரு பாத்துக்கொள்ற?" என்று ஒரு மாமி கேட்டார். யாரும் பதில் சொல்வதற்கு முன்னர் அவரே சொல்லிவிட்டார்: "பொம்புளப் புள்ள ஒண்டு ஈக்கி தானே. அவள் பாத்துக்கொள்ளுவாள்." அதே அறையில் என்னைவிட மூன்று வயது மூத்த நானாவும் இருந்தார். வாப்பாவும் இருந்தார். அவர்கள் பக்கம் எந்தக் கண்ணும் திரும்பவில்லை. குடும்பப் பின்னணி அறிக்கையில் இருந்த அதே கேள்வி, அதே இடத்தைத் தாண்டிப் போனது.

அன்றிரவு பயிற்சிப் புத்தகத்தில் செயற்பாட்டு வினையை மாற்றி எழுதும் கேள்விகள் செய்துகொண்டிருந்தேன். 'லுக் ஆஃப்டர்' என்பதை இரண்டாகப் பிரிக்க முடியாது. 'லுக் அப்' என்பதன் நடுவே ஒரு சொல்லை வைக்கலாம். இதில் வைக்க முடியாது. 'ஆஃப்டர்' பார்வையை விட்டு விலகுவதே இல்லை. காலம் மாறும்போது 'லுக்' மாறும். 'லுக்ட்' ஆகும், 'லுக்கிங்' ஆகும். 'ஆஃப்டர்' அப்படியே நிற்கும். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது இன்னொன்று. செயப்பாட்டு வினையில் எழுதினால், முதியவர் நன்றாகப் பராமரிக்கப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் வாக்கியத்தை முடித்துவிடலாம். பராமரிக்கிறவர் யார் என்று எழுதாமலே புள்ளிகள் முழுமையாகக் கிடைக்கும்.

தமிழில் அவ்வளவு இலகுவாக ஆளை மறைக்க முடியாது. 'பார்த்துக்கொள்ளப்படுகிறார்' என்று எங்கள் வீட்டில் எவரும் பேச மாட்டார்கள். செய்கிறவரைச் சொல்லாமல் விட்டாலும் வினைமுற்றின் கடைசியில் அவர் நிற்பார். பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறாள். துணைவினையைப் பற்றி ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்காட்டியது அப்போதுதான் முழுமையாக விளங்கியது. 'பார்த்து' என்ற முதல்வினை எச்சமாக நின்றுவிடும். காலத்தையும் இடத்தையும் பாலையும் எண்ணையும் சுமப்பது பின்னால் வரும் 'கொள்' தான். பெயர் என்னவோ துணை. பாரம் முழுவதும் அதன் தோளில்.

அந்தத் துணைவினை எந்த விகுதியையும் ஏற்கும். நான் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். பார்த்துக்கொள்வேன். பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வோம். எல்லாம் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள். எங்கள் ஊரில் இரண்டாவது மட்டுமே அதிகம் புழங்குகிறது. மொழி கதவை அடைக்கவில்லை. நாங்கள்தான் ஒரு கதவால் மட்டும் போய் வருகிறோம். 'ஆள்' விகுதியில் எனக்கு வெறுப்பில்லை. உம்மும்மா தம் வாழ்நாள் முழுவதும் அந்த விகுதியில்தான் வாழ்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டால் ஐம்பது வருடங்களுக்கு விடை வெற்றிடமாக இருக்கிறது.

அந்தக் கொப்பியை வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இலக்கணம் என்றுதான் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து வரிகளையும் வாசித்தார். திரும்பவும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "ராவைக்குப் போடுற மாத்திரை எது, வெள்ளையா மஞ்சளா?" என்று கேட்டார். நான் எடுத்துக் காட்டினேன். அடுத்த நாள் நானா வந்து, பக்கம் மாற்றும்போது தோளுக்குக் கீழே கையை எப்படி வைப்பது என்று கேட்டுப் பழகினார். முதல் தடவை உம்மும்மாவுக்கு வலித்துவிட்டது. "மெதுவா மகன்" என்றார். இரண்டாம் தடவை சரியாக வந்தது. இப்போது செவ்வாயும் வியாழனும் மேலதிக வகுப்புக்கு நான் பதற்றமில்லாமல் போகிறேன்.

போன மாதம் அந்த மாமி திரும்பவும் வந்தார். எனது பரீட்சை பற்றிப் பேச்சு வந்தது. இந்த முறை அவர் கேள்வியை முடிப்பதற்கு முன்னர் உம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "அவள் படிக்கட்டும். நாங்க பாத்துக்கொள்ளுவோம்."